திருச்சாரணத்து மலையும் கணேசர் கோயில் தெருவும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதறால். ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த சிற்றூர். ஊரை ஒட்டி எழும் குன்றை நாங்கள் மலைக்கோயில் என்போம். அதன் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. தொல்லியல் துறையினர் அமைத்திருக்கும் கல் பாவிய பாதையில் ஆங்காங்கே அமர்ந்து இளைப்பாறி ஏறினால், வயது முதிர்ந்தவர்களும் மேலே சென்றுவிடலாம். உச்சியை நெருங்கும்போது இரு பெரும் பாறைகளுக்கிடையே ஒரு குறுகிய வழி வரும். அதைக் கடந்தால் பாறை நிழலில் குடைவரைக் கோயில், அருகே சுனை, கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை.

கோயிலுக்குள் நுழையும் முன்னரே நம்மை நிறுத்துபவை பாறை முகப்பில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள திருவுருவங்கள். முக்குடையின்கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள், நாகம் படம் விரித்துக் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதர், சிங்கமும் இரு குழந்தைகளும் உடனிருக்கும் அம்பிகை என அவை சமண சமயத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் அப்படியே வீற்றிருக்கின்றன. உள்ளே எழுந்தருளியிருப்பவளோ எங்கள் பகவதி அம்மன்.

சாரணர் என்போர் ஓரிடத்தில் தங்காது சஞ்சரிக்கும் ஆற்றல் பெற்ற சமணத் துறவியர். ஊர்விட்டு ஊர் சென்றவர்களின் பெயரையே தாங்கிய மலை இது. இங்குள்ள உருவங்களின் கீழ் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுள் ஒருவர் திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரணந்தி அடிகள். திருநறுங்கொண்டை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து தென்கோடிக்கு எத்தனை நாள் நடந்திருப்பார்! வந்த இடத்தில் தம் தெய்வத்தைப் பாறையில் எழுந்தருளச் செய்து, தம் பெயரோடு சொந்த ஊரின் பெயரையும் பொறித்துவிட்டார்.

ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி இம்மலையின் பட்டாரியாருக்குப் பொன் அணிகலன் அளித்ததைத் தெரிவிக்கிறது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், என்ன கொடுத்தார், எந்த ஆண்டு கொடுத்தார் என்பன எல்லாம் அதில் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றிய என் கண்ணுக்கு அது குறையற்ற ஒரு ரசீதாகவே தெரியும். இதே மன்னன் திருமூலபாதம் என்னும் பௌத்தத் தலத்துக்கு நிலம் வழங்கியதைப் பாலியம் செப்பேடு கூறுகிறது. இவன் மரபில் முன்னர் ஆண்ட கருநந்தடக்கனோ பார்த்திவபுரத்தில் பெருமாளுக்குக் கோயில் எடுத்து, 95 மாணவர்கள் வேதம் பயிலச் சாலையும் நிறுவியவன்.

பிற்காலத்தில் சமணம் இப்பகுதியில் தேய்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் மலைக்கோயில் பகவதியின் இருப்பிடமாயிற்று. அப்போதும் பாறையில் இருந்தவர்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள தூண்களை நின்று நோக்கினால், பார்சுவநாதரையும் மகாவீரரையும் அங்கும் தரிசிக்கலாம்.

இத்தனையும் சிறுவயது முதல் நான் அறிந்தவைதாம். அவற்றின் பொருள் எனக்கு விளங்கியது கடல் கடந்து சென்று ஆறு மாதம் தங்கியபோது.

மகன் வீட்டில்

எங்கள் ஒரே மகன் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஃபிளஷிங் என்னுமிடத்தில் குடும்பத்தோடு வசிக்கிறான். "அப்பா, நீங்களும் அம்மாவும் இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம். ஆறு மாதம் வந்து இருந்து பாருங்கள். பிடித்துவிட்டால் நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பிக்கலாம். சிதறால் வீட்டை விற்பதைப் பற்றியும் யோசிக்கலாம்" என்றான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் பலரும் எதிர்கொள்ளும் கேள்விதான் இது. 2024 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் புறப்பட்டோம்.

அங்கே வார நாட்களில் வீடு காலை எட்டு மணிக்குள் வெறுமையாகிவிடும். மகன் ரயிலுக்கு ஓடுவான். மருமகள் மருத்துவமனை ஆய்வகத்துக்குக் கிளம்பிவிடுவாள். பத்து வயதுப் பேத்தி பள்ளிக்குப் போய்விடுவாள். பிறகு நாங்கள் இருவரும் சுவர்க் கடிகாரமுந்தான். சிதறாலில் காலை எட்டு மணிக்கு மேல்தான் வாசலில் ஆள் நடமாட்டமே தொடங்கும். பால்காரர், மீன்காரி, தேங்காய் வெட்ட வருபவர் என்று யாராவது ஒருவர் பெயர் சொல்லி அழைப்பார்கள். அங்கே எங்கள் பெயரைச் சொல்லி அழைக்க மாலை நான்கு மணி வரை ஒருவரும் இல்லை. முதல் மாதத்தில் என் மனைவி அடிக்கடி சன்னலோரம் சென்று நின்றுவிடுவாள். அதைக் காணும்போது எனக்கும் மனம் கனக்கும்.

பூஜைக்கும் புதிய ஒழுங்கு வேண்டியிருந்தது. வீட்டின் மேற்கூரையில் புகை உணரும் கருவி உண்டு. சாம்பிராணி போட்டாலும் கற்பூரம் ஏற்றினாலும் அது கூச்சலிடும் என்று மருமகள் முதல் நாளே சொல்லி வைத்தாள். சிறிய நெய்விளக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். ஏகாதசி, பிரதோஷம் முதலியவற்றை நம் ஊர் நாட்காட்டியைக் கொண்டு கணக்கிட இயலாது. கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் நம்மைவிட நியூயார்க் பின்தங்கியிருப்பதால், சில விரதங்கள் அங்கே ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். அவ்வூர்ச் சூரிய உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தையே அங்கு பின்பற்றுகிறார்கள்.

சமையலுக்குக் குறைவில்லை. ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் 74ஆம் தெருவில் உள்ள பட்டேல் பிரதர்ஸ் கடையில் சேனை, சேம்பு, முருங்கைக்காய், தேங்காய்த் துருவல் எல்லாம் கிடைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி உள்ளித் தீயலும் எரிசேரியும் வைத்தாள். நாஞ்சில் நாட்டுச் சமையல் மணம் அந்த அடுக்குமாடி வரை வந்து சேர்ந்தது.

பிள்ளையார் வந்த கதை

மகன் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பௌன் தெருவில் இருக்கிறது ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம். அமெரிக்காவின் பழமையான இந்துக் கோயில்களுள் ஒன்று. கானாடுகாத்தானில் பிறந்து ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் அவர்கள், ஒத்த கருத்துடைய சிலருடன் தம் இல்லத்தில் கூடி 1970இல் இதற்கான சங்கத்தைத் தொடங்கினார். 1977 ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டின் சுதந்திர தினத்தன்று, கும்பாபிஷேகம் நடைபெற்றது. பிட்ஸ்பர்க் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கும் அதே 1977ஆம் ஆண்டில்தான் கும்பாபிஷேகம்.

கருங்கல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து உள்ளே நுழைந்தால் நடுநாயகமாக விநாயகர். சிவபெருமான், முருகன், வேங்கடேசர், மகாலட்சுமி முதலிய சன்னதிகளும் உண்டு. காவிரிக்கரையார், கிருஷ்ணா நதிக்கரையார், மலையாள நாட்டார், குஜராத்தியர் என்று எல்லோருடைய தெய்வங்களும் ஒரே கூரையின்கீழ். கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை வாங்க வெள்ளைக்காரர்களும் சீனர்களும் வரிசையில் நிற்பதைக் காணலாம். விநாயக சதுர்த்தி விழாவின்போது தேர் வீதியுலா வரும். 2022இல் நகர நிர்வாகம் கோயில் அமைந்துள்ள தெருப்பகுதிக்குக் கணேசர் கோயில் தெரு என்று துணைப்பெயரும் சூட்டியிருக்கிறது. தெருமுனைப் பலகையில் பிள்ளையாரின் பெயரைப் படித்தபோது நானும் என் மனைவியும் சற்று நேரம் அங்கேயே நின்றோம்.

சனிக்கிழமைகளில் குடும்பமாகக் கோயிலுக்குப் போவோம். ஒரு முறை பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது என் மகன், கோயில் கட்டுவதற்கு முன் இந்த இடத்தில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையினரின் தேவாலயம் இருந்தது என்று சொன்னான். பேத்தி உடனே என் பக்கம் திரும்பினாள். எங்கள் பக்கத்தில் தாத்தாவைப் பாட்டா என்பது வழக்கு.

"பாட்டா, அப்ப முன்னாடி இங்க இருந்த சாமி எங்க போச்சு?"

குழந்தையின் கேள்விதான். ஆனால் எளிதாகக் கடந்துவிடக் கூடியதன்று. அந்தச் சபையினர் இடத்தை விற்றார்கள், நம்மவர்கள் முறைப்படி வாங்கினார்கள் என்று பதில் சொல்லலாம். வங்கிக்காரனுக்கு அது போதும், அவளுக்குப் போதாது. எனவே அவளுக்குச் சிதறால் மலையைப் பற்றிச் சொன்னேன். ஒரு காலத்தில் அங்கே சமண முனிவர்கள் வாழ்ந்ததையும், பின்னர் பகவதி வந்ததையும், வந்தவள் இருந்தவர்களை எழுப்பி அனுப்பாததையும் விளக்கினேன்.

"அவங்களுக்குக் கோபம் வரலியா, பாட்டா?"

"அந்தப் பாறையிலே இருக்கிறவங்களை ஜினர்னு சொல்வாங்கம்மா. ஜினர்னா ஜெயிச்சவர். கோபத்தைத்தான் அவங்க முதல்ல ஜெயிச்சாங்க."

அவள் சற்று யோசித்துவிட்டு, "நான் அவங்களைப் பாக்கணும்" என்றாள்.

அந்தத் தெருவுக்கு வழி திறந்தவர்

அன்று முதல் அவளும் நானும் அத்தெருவின் கதையைத் தேடத் தொடங்கினோம். கோயிலிலிருந்து அதே பௌன் தெருவில் வடக்கே நடந்து சென்றால் ஒரு பழைய மரவீடு நிற்கிறது. 1661ஆம் ஆண்டளவில் ஜான் பௌன் என்பவர் கட்டியது. அப்போது இப்பகுதி டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஃபிளஷிங் என்ற பெயரே ஹாலந்து நாட்டின் விளிசிங்கன் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். வீரணந்தி அடிகளைப் போல அவர்களும் ஊர்ப் பெயரைச் சுமந்து வந்தவர்கள்!

டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவெசன்ட், குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர் கூடி வழிபடுவதற்குத் தடை விதித்தார். 1657 டிசம்பர் 27ஆம் நாள் இவ்வூர்க்காரர்கள் 30 பேர் அத்தடையை எதிர்த்து ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவர்களுள் ஒருவர்கூடக் குவேக்கர் அல்லர் என்பதுதான் சிறப்பு. தங்களுக்கு உரியதல்லாத ஒரு வழிபாட்டுக்காக அவர்கள் ஆளுநரின் சினத்துக்கு ஆளானார்கள். சில ஆண்டுகளில் ஜான் பௌன் தம் வீட்டிலேயே குவேக்கர்கள் கூடி வழிபட இடமளித்தார். 1662இல் அவரைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். அவர் ஹாலந்துக்கே சென்று முறையிட்டு வென்று திரும்பினார். வழிபடுவோரைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று 1663இல் ஆளுநருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்று அதே தெருவிலும் சுற்றுப்புறத்திலும் பிள்ளையார் கோயிலும், சீக்கியர் குருத்துவாராவும், யூதர் கோயிலும், சீன, கொரிய மக்களின் தேவாலயங்களும் இருக்கின்றன.

அந்த முப்பது பேரும் பிள்ளையாரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் அவர் அங்கு எழுந்தருள முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி செய்து வைத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மற்ற உலாக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிளஷிங் மெடோஸ் பூங்காவில் 1964ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக அமைத்த பிரம்மாண்டமான எஃகு உலக உருண்டையைக் கண்டோம். அதில் இந்தியாவின் தென்முனையைப் பேத்தி எனக்குச் சுட்டிக்காட்டினாள். படகில் சென்று சுதந்திர தேவி சிலையையும் எல்லிஸ் தீவையும் பார்த்தோம். 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கும் மேல் அத்தீவின் வழியாகக் குடியேறியிருக்கிறார்கள். 1965 அக்டோபர் 3ஆம் நாள் அச்சிலையின் அடியில் அமர்ந்து ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தினால்தான், நம்மவர்கள் பெருமளவில் அங்கு செல்ல இயன்றது. பன்னிரண்டே ஆண்டுகளில் இரண்டு கோயில்களுக்குக் கும்பாபிஷேகம் செய்துவிட்டார்கள்.

கிசீனா பூங்காவில் தினமும் காலையில் ஒரு சீன முதியவர் எனக்குத் துணையானார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. கைகூப்பினால் அவர் தலைதாழ்த்துவார். ஒரே பலகையில் அமர்ந்து அரைமணி நேரம் வெயில் காய்வோம். அவரும் பிள்ளை வீட்டுக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும். காத்திருப்பவர்களின் அமர்வு எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

அவ்வாண்டு தீபாவளிக்கு ஒரு புதுமை. நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளுக்கு முதன்முறையாகத் தீபாவளி விடுமுறை விட்டார்கள். 2024 நவம்பர் 1ஆம் நாள். அந்தத் தேதி எங்களுக்கு வேறொரு வகையிலும் முக்கியமானது. 1956 நவம்பர் 1இல்தான் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. அங்கே தனியார் பட்டாசு வெடிக்கத் தடை உண்டு. புத்தாடை உடுத்தி, விளக்கேற்றி, முந்திரிக்கொத்தும் அதிரசமும் வைத்துப் படைத்தோம். அடுத்த வீட்டுக் கொரியக் குடும்பத்துக்குப் பேத்தி தட்டெடுத்துச் சென்றாள். இரண்டு நாள் கழித்துக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பினார்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. குளிரும் வந்துவிட்டது.

எடுத்த முடிவு

புறப்படும் நாள் நெருங்கியபோது மகன் தன் கேள்வியை மீண்டும் எழுப்பினான். நான் வங்கிப் பழக்கப்படி ஒரு தாளை எடுத்து நடுவே கோடிட்டேன். தங்குவதற்கான காரணங்கள் ஒருபுறம்: பேத்தியின் அருகிருப்பு, நோய்நொடி என்றால் பிள்ளையின் கை, நடக்கும் தூரத்தில் பிள்ளையார். திரும்புவதற்கானவை மறுபுறம்: குளிர், பகல்நேரத் தனிமை, முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் செலவு, மண். இருபுறமும் ஏறக்குறைய சமமாகவே வந்தது.

ஊரில் இருந்தபோது, தெய்வத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று என் மனைவி கவலைப்பட்டதுண்டு. அந்தக் கவலை அங்கே சென்றதும் நீங்கிவிட்டது. மனிதர் சென்ற இடமெல்லாம் தெய்வம் செல்கிறது. வீரணந்தி அடிகள் காலத்திலிருந்து அதுதான் நடைமுறை. ஆகவே, தெய்வத்தின் பொருட்டு யாரும் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. போன பிள்ளைகளை நாம் குறைசொல்லவும் வேண்டியதில்லை.

முடிவைச் சொன்னவள் என் மனைவிதான். "பாட்டாவும் ஆச்சியும் இங்கேயே இருந்துட்டா, இந்தப் பிள்ளை எதுக்கு ஊருக்கு வரும்? நாம அங்க இருந்தாத்தான் அவளுக்கு அங்க ஒரு வீடு இருக்கும்" என்றாள். மகன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, வீட்டை விற்க வேண்டாம். உடம்பு ஒத்துழைக்கும் வரை ஒரு வருஷம் நீங்கள் வாருங்கள், ஒரு வருஷம் நாங்கள் வருகிறோம்" என்றான். உடம்பு ஒத்துழைக்காத காலம் வரும்போது என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் விடையில்லை. அதைப் பகவதியிடம் விட்டிருக்கிறோம்.

சொன்னபடியே 2025 கோடை விடுமுறையில் அவர்கள் சிதறாலுக்கு வந்தார்கள். காலையில் மலைக்கோயிலுக்கு ஏறினோம். பாறை முகப்பின் முன் பேத்தி நின்றாள். திருவுருவங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். இரு குழந்தைகளோடு நிற்கும் அம்பிகையிடம் நெடுநேரம் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலே அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உள்ளே பகவதியிடம் சென்றாள். என் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். அமெரிக்கா செல்பவர்கள் உங்கள் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். விபூதி, குங்குமம், சிறு விளக்கு கொண்டுபோகலாம். பசுங்காய், கனி, விதை, செடி முதலியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உணவுப்பண்டம் எதை எடுத்துச் சென்றாலும் சுங்கத்தாரிடம் தெரிவித்துவிடுங்கள். அங்கே அருகிலுள்ள கோயிலைக் கேட்டறிந்து, வாரம் ஒரு முறையேனும் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அவர்கள் இங்கே வரும்போது சிதறாலுக்கு ஒரு முறை அழைத்து வாருங்கள். ரயிலில் வருவோர் குழித்துறை நிலையத்தில் இறங்கி, மார்த்தாண்டம் வழியாகப் பேருந்திலோ ஆட்டோவிலோ வரலாம். வெயிலுக்கு முன் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. குடிநீரும் ஊன்றுகோலும் கையில் இருக்கட்டும். முதலில் பாறையில் இருப்பவர்களை வணங்கிவிட்டு உள்ளே செல்லுங்கள். பகவதி எல்லோரையும் காத்தருள்வாள்.